பெண் ஒன்று, நல்ல நிலையில்

என் மகளைக் கண்டக்டர் கொண்டுவந்து என் கவுண்டரில் ஒப்படைத்தபோது மணி இரண்டே கால். அவளோடு சேர்த்து இரண்டு குடை, ஒரு டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே படிவம்தான் நிரப்பியிருந்தார். நான்காவது வரியில் எழுதியிருந்தது: பெண் ஒன்று, நல்ல நிலையில்.

படிவத்தைப் பார்த்தேன். அப்புறம் அவளைப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வயதில் பிள்ளைகளுக்கு இந்தச் சுவரைப் பார்க்கும் பார்வை எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. அதுவரை பெற்றவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"மத்தியானம் ஸ்கூல் ஸ்டாப்ல ஏறுச்சு மேடம். கடைசி ஸ்டாப்ல வண்டி காலியானப்புறம் பார்த்தா, பின் சீட்ல அப்படியே இருக்கு. இறங்கும்மான்னேன், இறங்கல. யார் வீட்டுப் பொண்ணு நீன்னு கேட்டேன். யார் வீட்டுதும் இல்ல, என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுச்சு. வண்டியில மிச்சம் கிடக்கிறது எதுவா இருந்தாலும் இங்க ஒப்படைக்கணும்னு போன மாசம் எங்களை உட்காரவெச்சு ரெண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தீங்களே."

எடுத்தேன்தான். ஒரு சீப்பு கிடந்தால்கூடக் கொண்டுவர வேண்டும் என்று மேஜையைத் தட்டிச் சொன்னவளும் நான்தான்.

"இது என் பொண்ணு" என்றேன்.

கண்டக்டர் பொறுமையாகத் தலையாட்டினார். "எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்லுவாங்க." அதுவும் நான் வகுப்பில் சொன்னதுதான்.

பஸ் நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில் இருக்கும் தொலைந்த பொருட்கள் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். மனிதர்கள் பஸ்ஸில் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போவார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். குடையும் டிபன் பாக்ஸும் தினப்படி. அதுபோகப் பல் செட், தையல் மெஷின், கல்யாண ஆல்பம், ஒருமுறை உயிரோடு ஒரு வாத்து. வந்து நின்று 'என்னுது' என்று சொன்னால் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? பொருளைக் கண்ணில் காட்டாமல் விவரம் கேட்போம். அளவு, நிறம், அடையாளக் குறி, உள்ளே இருப்பவை, பழுது ஏதாவது உண்டா, கடைசியாகப் பார்த்தது எப்போது. ஆறு கேள்வி. குறைந்தது ஐந்து சரியாக இருந்தால் பொருள் உங்களுடையது. இல்லையென்றால் போய்விட்டு வாருங்கள். ஒருத்தருக்கு ஒரு பொருளுக்கு மூன்று படிவம்தான். அந்த வரம்பு நான் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஆளாளுக்குப் பத்து தடவை ஊகம் சொல்லி ஏதாவது ஒன்றில் அடித்துவிடுவார்கள்.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு: 'தெரியாத விவரங்களை ஊகித்து எழுத வேண்டாம். தெரியாது என்று எழுதவும்.' யார் அச்சடித்தார்களோ. அப்படி எழுதியவர்களை எல்லாம் நான் நிற்கவைத்து, "தெரியலன்னா உங்களுது இல்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என்னைக் கறார் பேர்வழி என்பார்கள். இருக்கட்டும். நீலக் குடை என்று சொல்லிக்கொண்டு ஓர் அம்மா இரண்டு தடவை வந்தார். எங்கள் பதிவேட்டில் கருநீலம். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன். எனக்கு அதில் ஒரு துளி வருத்தம் கிடையாது.

சரி, இவள் ஏன் வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய ஸ்கூல் பை சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. ஒரு பை மேஜைக்கு வந்தால் பத்தொன்பது வருஷமாக என் கை என்ன செய்யுமோ, அதைச் செய்தது. திறந்தேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். பட்டியல் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேவு பார்க்கிற எண்ணமெல்லாம் பாதியில்தான் வந்தது. நோட்டு ஏழு. பேனா மூன்று, அதில் ஒன்று எழுதாது. உதட்டுச் சாயம் ஒன்று, பாதி தீர்ந்தது. கசங்கிய கைக்குட்டை நான்கு, எங்கள் வீட்டுக் கைக்குட்டை இல்லை. பதினொன்றாவதாக, சாவி ஒன்று, எந்தப் பூட்டுக்கு என்று தெரியவில்லை.

அந்தச் சாவிதான் என்னைப் பிடித்து ஆட்டிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டிலிருக்கும் அத்தனை பூட்டிலும் போட்டுப் பார்த்தேன். பீரோ, பின்கதவு, சைக்கிள் பூட்டுவரைக்கும். சைக்கிள் முன்னால் குந்தி உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தபோது ஈரத் தலையோடு பின்னால் வந்து நின்றாள். கையில் என் பட்டியல். வழக்கம்போல் அடியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வருமே. "இந்தச் சாவி எதுக்கு? முதல்ல அதைச் சொல்லு" என்று கேட்டேன்.

"நான் என்ன பஸ்ல கிடந்த பொருளா?" என்றாள். அவ்வளவுதான். பையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் பஸ்ஸில் கிடந்த பொருளாகவே வந்து சேர்ந்தாள். பிடிவாதத்தில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

நான் பக்கத்துக் கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்தேன். "ஸ்கூலைப் பாதியில விட்டுட்டு வந்ததை அப்புறமா வெச்சுக்கறேன். இப்போ வா வீட்டுக்கு."

பின்னாலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. "மேடம், பொருளைத் தொடாதீங்க."

எங்கள் பிரிவில் என்னையும் சேர்த்து இரண்டே பேர். மற்றவரை எல்லோரும் ரசீது என்றுதான் கூப்பிடுவார்கள். டீ வாங்கிக் கொடுத்தால்கூட 'பெற்றுக்கொண்டேன்' என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருகிற மனுஷன். ஐம்பதைத் தாண்டியவர். வந்த புதிதில் இளகிய மனசுக்காரர். 'பாவம் மேடம், கொடுத்துடலாமே' என்று சொல்லிச் சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். பதினாலு வருஷம் பாடாய்ப் படுத்தி அவரை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தேன்.

"சார், இவளை உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வயசுல இதே மேஜைமேல உட்கார்ந்து உங்க முத்திரை மையைத் தின்னவ."

"எனக்குத் தெரியும் மேடம். எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? உரிமை கேக்கிறவங்களுக்கில்ல தெரியணும்." சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். "பொறுப்பாளரே உரிமை கேட்டா அடுத்த ஊழியர்தான் விசாரிக்கணும். நீங்க வெளியில போய் வரிசையில வாங்க."

வரிசையில் ஈ காக்கை இல்லை. இருந்தாலும் தடுப்புக் கம்பிகளுக்குள் வளைந்து வளைந்துதான் வந்தேன். குறுக்கே புகுந்தால் கவனிக்கப்பட மாட்டாது என்று போர்டு எழுதித் தொங்கவிட்டதும் நான்தான். நான் வந்து சேர்வதற்குள் ரசீது அவள் மணிக்கட்டில் 4117 என்று அட்டை கட்டி, மூன்றாம் நம்பர் அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு தையல் மெஷினுக்கும் நான்கு ஹெல்மெட்டுக்கும் நடுவில் உட்காரவைத்துவிட்டார். அவள் அங்கே சௌகரியமாகச் சாய்ந்துகொண்டாள். வீட்டில் ஒரு நாள்கூட அவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை.

"எத்தனை நாள் வெச்சிருப்பீங்க?" என்று கவுண்டரின் கம்பி வலைக்கு வெளியே நின்று கேட்டேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. எத்தனை பேர் அங்கே நின்று என்னிடம் அப்படிக் கேட்டிருப்பார்கள்.

"சாதாரணப் பொருள்னா தொண்ணூறு நாள். இது உயிருள்ளது. வாத்துக்குப் போட்ட விதிதான். அன்னிக்கே சாயந்திரம் ஆறு மணிக்குள்ள உரியவங்க நிரூபிச்சு எடுத்துக்கணும். இல்லன்னா கண்டெடுத்தவருக்கே சேரும்."

ஓரமாக நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டரின் பேனா நின்றுவிட்டது. "யாருக்குச் சேரும்?"

"உங்களுக்கு."

"ஐயா, எனக்கு வீட்டுல ஏற்கெனவே மூணு இருக்கு. மூணும் பொண்ணு. மூணும் ஆளுக்கொரு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. எங்க வீட்ல இருக்கறதே மூணு ரூம்தான். நானும் சம்சாரமும் ஒரு வருஷமா நடையில படுத்திருக்கோம். நாலாவதை நான் எங்க வைப்பேன்?"

"நடையிலயே எனக்குப் பரவாயில்ல" என்றது அலமாரி.

இவள் விளையாடவில்லை. ஆறு மணிக்கு அந்த மனுஷன் பின்னால் நிஜமாகவே போய்விடுவாள். ரசீதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். ஒப்படைத்த பொருளை மறுநாள் திருப்பிக் கேட்க விதியில் இடமே இல்லை.

முதல் படிவத்தை வாங்கி நின்றபடியே மளமளவென்று எழுதினேன். பெற்ற தாய்க்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்ற எண்ணம். அளவு: என் தோள் உயரம். நிறம்: மாநிறம். அடையாளக் குறி: இடது முழங்காலில் தழும்பு, ஆறு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது. உள்ளே இருப்பவை: நோட்டு ஏழு, பேனா மூன்று என்று காலைப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்தேன். பழுது என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு இடம் போதவில்லை. எதிர்த்துப் பேசுவது, கதவை அறைந்து சாத்துவது, கூப்பிட்டால் காதில் விழாதது, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவது, என்ன கேட்டாலும் 'ஒண்ணுமில்ல' என்பது. ஓரத்தில் எழுதி, பின்பக்கம் திருப்பி எழுதி, தனித்தாள் ஒன்றும் இணைத்தேன். கடைசியாகப் பார்த்தது: இன்று காலை ஏழு இருபது.

ரசீது படிவத்தையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகத்தில் சங்கடம்.

"நிறம் சரி. ஒண்ணு."

"மீதி?"

"அளவு நூத்தி அறுபத்தி நாலு சென்டிமீட்டர். உங்களைவிட உயரம் மேடம்."

"சும்மா சொல்லாதீங்க சார்."

என்னையும் சுவரோடு நிற்கவைத்து அளந்தார். நூற்று அறுபத்து ஒன்று. என் மகள் என்னை எப்போது தாண்டினாள்? தாண்டும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"தழும்பு இப்போ இல்ல மேடம். ரெண்டு முழங்காலும் பார்த்தாச்சு. மறைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சாம். உள்ளே இருப்பவைல நீங்க பைக்குள்ள இருக்கறதை எழுதியிருக்கீங்க. கேள்வி பொருளுக்குள்ள என்ன இருக்குன்னு. பழுது..." தனித்தாளைப் புரட்டினார். "இதுல எதுவுமே பழுது இல்லைன்னு பொருள் சொல்லுது. எல்லாம் பதிலாம்."

"கடைசியாப் பார்த்ததுமா தப்பு? காலையில என் எதிர்ல நின்னா சார்."

"நீ பையைத்தான் பார்த்தே" என்றது அலமாரி.

ஆறுக்கு ஒன்று. என் கையெழுத்துப் போட்ட படிவத்தின்மேல் தள்ளுபடி என்று சிவப்பு முத்திரை விழுந்தது. அந்த முத்திரை விழும் சத்தம் இவ்வளவு பெரியது என்று கவுண்டருக்கு உள்ளே இருந்தவரை எனக்குத் தெரிந்ததே இல்லை.

மணி நாலு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர். எந்நேரமும் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் அதிர்ச்சியாவார் என்று பார்த்தேன்.

"ரூல் அப்படின்னா அப்படித்தானே. என்ன தெரியணும் உனக்கு?"

"அவளுக்கு அடையாளம் என்ன?"

"சிரிச்சா கன்னத்துல குழி விழும். கிளட்ச், கிளட்ச். உன்னை இல்ல, இவரைச் சொன்னேன்."

"உள்ளே என்ன இருக்கு?"

"டாக்டர் ஆகணும்னு ஆசை இருக்கு. ஒன்பதாவதுதானே, இன்னும் நேரம் இருக்கு. பிரேக் போடுங்க, எருமை இல்ல அது, லாரி."

"அவ பத்தாவது படிக்கிறா."

"எப்போலேருந்து?" என்றார். அதற்குள் ஏதோ கிறீச்சென்ற சத்தம் கேட்டு லைன் அறுந்தது.

இரண்டாவது படிவத்தை எழுதிக் கொடுத்தேன். அளவை டேப் சொன்னபடி திருத்தி, அடையாளத்துக்கும் உள்ளே இருப்பவைக்கும் அவர் சொன்னதைப் போட்டிருந்தேன். ரசீது உள்ளே போய் ரொம்ப நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அலமாரி முன்னால் குனிந்து நின்று, தன் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னக்குழியைச் சோதிக்க முடியல மேடம். சிரிக்க மாட்டேங்குது. டாக்டர் ஆசை இருக்குதான், ஆனா அது அப்பாவோடதாம். இது உள்ள இல்லையாம். ஆறுக்கு ரெண்டு."

இரண்டாவது முத்திரை. மணி ஐந்தை நெருங்கியது. கண்டக்டர் ஓர் ஓரமாக உட்கார்ந்து தன் மனைவிக்குப் போன் செய்து, "இல்ல, நான் கேட்டு வாங்கல, தானா சேருது" என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீலக் குடை அம்மா மூன்றாவது தடவையாக வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். கவுண்டரில் நான் இல்லாததைப் பார்த்து முகம் மலர்ந்தவர், பக்கத்தில் வரிசையில் நிற்கிற என்னைப் பார்த்ததும் வாடிவிட்டார். குடைப் படிவத்தைக் கேட்டு வாங்கியவர் அப்படியே வலைக்குள் பார்த்தார்.

"அட, இது நம்ம ஏழு அம்பது பொண்ணாச்சே."

அலமாரியில் இருந்தவள் முதல் தடவையாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். கையை வேறு ஆட்டினாள்.

"தெரியுமா உங்களுக்கு?" என்றார் ரசீது.

"தினம் காலையில பக்கத்துல உட்கார்ந்து வரும். தொலைஞ்சு போச்சா?"

"உரிமை கேக்கிறீங்களா?"

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். "குடைக்குத்தான் வந்தேன். இதுவும் தர்றீங்கன்னா வேண்டாம்னு சொல்வேனா? வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

ரசீது புதுப் படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அங்கேயே, இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அளவு?"

"நின்னா என் நெத்தி அந்தப் பொண்ணு மூக்குக்கு வரும்."

"நிறம்?"

"மாநிறம்."

"அடையாளக் குறி?"

"வலது கை நடுவிரல்ல காய்ப்பு இருக்கும். முன் சீட்டுக் கம்பியில எப்பவும் தாளம் தட்டிக்கிட்டே வரும். நல்லாத்தான் தட்டும்."

"உள்ளே இருப்பவை?"

அந்த அம்மா தயங்கினார். அலமாரியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ரெண்டு வாரமா உள்ள அழுகைதாங்க. பெட்ரோல் பங்க் தாண்டினதும் ஆரம்பிக்கும். பாலம் வர்றதுக்குள்ள முடிச்சுக்கும். ஸ்கூல் ஸ்டாப்ல முகத்தைத் துடைச்சுட்டு இறங்கிடும். ஏன்னு நான் கேட்டதில்ல. கைக்குட்டை மட்டும் கொடுப்பேன். இதுவரைக்கும் நாலு கொடுத்திருக்கேன், திருப்பிக் கேக்கல."

கைக்குட்டை நான்கு. கசங்கியது. எங்கள் வீட்டுக் கைக்குட்டை இல்லை. நான் எண்ணியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், அடியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டு வாரமாக என் பிள்ளை அழுதிருக்கிறது. நான் சைக்கிள் பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தடுப்புக் கம்பியில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பழுது ஒன்றுமில்லை என்றார் அந்த அம்மா. கடைசியாகப் பார்த்தது இன்று காலை எட்டு இருபது, இறங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தது என்றார். ரசீது டேப்போடும் படிவத்தோடும் உள்ளே போய் வந்தார்.

"ஆறுக்கு ஆறு" என்றார். அவர் குரலும் நன்றாக இல்லை. "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போகலாம்."

என் மகள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். கண்டக்டர் இருந்த இடத்திலிருந்தே அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த அம்மா பேனாவை வாங்கினார். என்னைப் பார்த்தார். நான் அவரை இரண்டு தடவை விரட்டியவள், ஒரு குடைக்கு. அவர் நினைத்திருந்தால் அதற்கு இதுதான் சமயம்.

"இவங்களுக்கு எத்தனை படிவம் ஆச்சு?" என்று ரசீதைக் கேட்டார்.

"ரெண்டு. இன்னும் ஒண்ணு இருக்கு."

"அப்போ அதையும் எழுதட்டுமே. எனக்கென்ன அவசரம்." பேனாவை மூடி வைத்துவிட்டு பெஞ்சில் கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது படிவம். மணி ஐந்து நாற்பது. அந்த அம்மா சொன்னதை எல்லாம் அப்படியே காப்பி அடித்தால் ஆறுக்கு ஆறு வரும். விதியில் அதற்குத் தடை இல்லை, எனக்குத் தெரியும். பேனாவை வைத்தேன், எடுத்தேன். அப்போதுதான் அடியிலிருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அதை முழுசாகப் படித்தேன்.

எழுதி முடித்து ரசீதிடம் கொடுத்தேன். அவர் உள்ளே போய், அவள் பக்கத்தில், ஒரு ஹெல்மெட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, சத்தமாகப் படித்தார்.

"அளவு: என்னைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகம். இன்றுதான் தெரியும்."

"சரி" என்றாள்.

"நிறம்: மாநிறம்."

"சரி."

"அடையாளக் குறி: பழையது மறைந்துவிட்டது. புதியது எனக்குத் தெரியாது." ரசீது நிமிர்ந்தார். "தெரியாதுங்கறது சரியா?"

"சரிதான்."

"உள்ளே இருப்பவை: தெரியாது. அழுகை இருப்பதாக இன்னொருவர் சொல்லிக் கேட்டேன். ஏன் என்று தெரியாது."

அவள் பை வாரை விரலில் சுற்றினாள். "சரி" என்றாள்.

"பழுது: பொருளில் இல்லை. உரிமை கேட்பவருக்கு, கேட்காமல் பையைத் திறக்கும் பழக்கம் உண்டு. வெட்கமாக இருக்கிறது."

"சரி."

"கடைசியாகப் பார்த்தது." ரசீது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போன வருஷம், வாஷிங் மெஷின் குழாய் பிடுங்கிக்கொண்டு சமையலறை முழுக்கத் தண்ணீர் நின்ற அன்று. துண்டைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். வழுக்கி உட்கார்ந்துவிட்டாய். விக்கல் வருகிறவரை சிரித்தாய். நானும் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு உன்னை நன்றாகப் பார்த்தேன். அதற்கப்புறம் பார்த்ததாக நினைவில்லை."

கண்டக்டர் எழுந்து நின்றுகொண்டார். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது ரசீதா, அவளா என்று வலைக்கு வெளியிலிருந்து தெரியவில்லை.

"நீதான் முதல்ல வழுக்கினே" என்றாள். "நான் அப்புறம்தான்."

ரசீது யோசித்தார். "அப்போ இது அரை மார்க். அஞ்சரை. அஞ்சு இருந்தாலே போதும்."

முத்திரை விழுந்தது, இந்தத் தடவை பச்சை. 'பொருளைப் பெற்றுக்கொண்டேன், நல்ல நிலையில்' என்று நான் கையெழுத்துப் போட்டேன். ரசீது அவள் மணிக்கட்டிலிருந்த அட்டையை வெட்டினார். அவள் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் மேலேதான் இருந்தது.

"சார், அந்தக் குடையைக் கொடுங்க இந்த அம்மாவுக்கு" என்றேன்.

"நீலம்னுதானே சொல்றாங்க மேடம். பதிவேட்டுல கருநீலம்."

"வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பாருங்க. நீலம்தான்."

ஆறு பத்து பஸ்ஸில் ஏறினோம். அதே கண்டக்டர். பெரிய கண்டத்திலிருந்து தப்பிய சந்தோஷத்தில் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் டிக்கெட் கிழித்தார். உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. அவள் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பையை என் மடியில் வைத்தாள். ஜிப் பாதி திறந்திருந்தது. என் கை போனது. போய் அதை இழுத்து மூடியது. அவள் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து சீட் காலியானதும் உட்கார்ந்தாள். பாலம் தாண்டியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன் சீட்டுக் கம்பியில் இரண்டு தடவை தட்டினாள். அப்புறம் சொல்லத் தொடங்கினாள். பெட்ரோல் பங்க் வந்து போனது, முடியவில்லை. எங்கள் ஸ்டாப் வந்தது. கதவு திறந்து, மூடியது. அவள் பேசிக்கொண்டிருந்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அது எந்தப் பூட்டுக்கு என்று இன்றைக்குவரைக்கும் எனக்குத் தெரியாது.

கடைசி ஸ்டாப்பில் வண்டி காலியானது. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தோள்பையிலிருந்து படிவத்தை எடுத்தார், பேனாவின் மூடியைத் திறந்தார், பெருமூச்சு விட்டார்.

"பெண் இரண்டுன்னு எழுதிக்கவா மேடம்?" என்றார்.

"அஞ்சு நிமிஷம் இருங்க" என்றேன். "இன்னும் பேசி முடிக்கலை."